84 பேரை எண்ணி 30 லட்சம் பேரைச் சொல்லலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. பிளஸ் டூ பிள்ளைகள் 84 பேரிடம் (40 பையன்கள், 44 பெண்கள்) நாக்குச் சுருட்டல், காது மடல், நிறக்குருடு, ரத்த வகை நான்கையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். நாக்கைச் சுருட்ட முடிந்தவர்கள் 59 பேர். நிறக்குருடு ஒருவருக்கும் இல்லை. இந்தச் சதவீதங்களை மதுரை மாவட்டத்துக்கே சொல்லலாமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது: வகுப்பில் ஒரு பெண்ணின் தம்பிகள் இருவரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள், பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்தக் குறை நம் பக்கம் எத்தனை பேருக்கு இருக்கும், வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் எத்தனை பேர், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

டீச்சர், இரண்டாவது கேள்விதான் கனமானது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டித்தான் அதற்கு வர முடியும். எத்தனை பேருக்கு என்று கேட்டால் எல்லோரும் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். பதிலில் எண்ணிக்கை பாதிதான். யாரை எண்ணினோம், அவர்கள் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது மீதிப் பாதி. நம் ஊரில் அந்த மீதிப் பாதி மிகப் பெரியது.

நாக்கையும் காதையும் முதலில் ஒதுக்கிவிடலாம். நாக்குச் சுருட்டல் ஒற்றை மரபணுவின் ஓங்கு பண்பு (மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது) என்று 1940இல் எழுதியவர் அமெரிக்க மரபியலர் ஸ்டர்ட்டிவன்ட். 1952இல் மேட்லாக் ஒரு கரு இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்தார். ஏழு ஜோடிகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. மரபணு முழுக்க ஒன்றாக உள்ள இருவருக்குள்ளேயே இப்படி என்றால் அது ஒரே மரபணு முடிவுசெய்யும் எளிய மெண்டல் பண்பாக இருக்க முடியாது. தன் பழைய கருத்தைப் பாடநூல்கள் இன்னும் தூக்கித் திரிவது சங்கடமாக இருக்கிறது என்று ஸ்டர்ட்டிவன்டே பிற்பாடு எழுதினார். காது மடலும் அப்படித்தான். ஒட்டியது, தொங்குவது என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் நடுவில் எல்லா அளவும் உண்டு. 2017இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று அதில் பங்கிருக்கும் 49 மரபணு இடங்களைக் காட்டியது. இவற்றை எண்ணுவதில் தவறில்லை, எண்ணிக்கையிலிருந்து மரபணுவின் பங்கைக் கணக்குப் போடத்தான் கூடாது.

ரத்த வகையும் நிறக்குருடும் நல்ல தேர்வுகள்.

ஒரு பண்பு எத்தனை பேரிடம் தெரிகிறது என்பதிலிருந்து அதன் மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்குப் போகும் பாலத்தைக் கட்டியவர்கள் இருவர். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி ஒருவர். ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வீன்பெர்க் மற்றவர். இருவரும் 1908இல் தனித்தனியாகவே அங்கே வந்து சேர்ந்தார்கள். ஓங்கு பண்பு தலைமுறை தலைமுறையாக ஏறி முக்கால் பங்கு மக்களிடம் வந்துவிடாதா என்ற குழப்பம் அப்போது இருந்தது. ஹார்டியிடம் அதைக் கொண்டுபோனவர் மரபியலர் பன்னெட். ஏறாது என்றார் ஹார்டி. மக்கள் பாகுபாடு பார்க்காமல் மணந்துகொண்டால் மரபணுவின் பங்கு அப்படியே நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மரபணுவில் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. நூறு பிரதிகளில் பத்து ஒடுங்கு வகை (இரண்டு பிரதியும் அதுவானால்தான் வெளியே தெரிவது) என்றால், இரண்டு பிரதியும் அதுவாக உள்ளவர் நூற்றுக்கு 1, ஒன்று மட்டும் உள்ளவர் 18, ஒன்றும் இல்லாதவர் 81. ஓங்கு என்றால் அதிகம் பேரிடம் இருக்கும் என்று உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேராவது நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஓங்குவது என்பது ஓர் உடலுக்குள் நடக்கும் காரியம். ஊரில் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

இந்தப் பாலம் தாங்குகிறதா என்று சோதிக்க ரத்த வகையைப் போல ஒரு பண்பு கிடைக்காது. உதாரணத்துக்கு 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம்: ஓ 400, பி 320, ஏ 215, ஏபி 65. (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஓ முதலிலும் பி அடுத்ததாகவும் வருவது தென்னிந்தியக் கணக்கெடுப்புகளில் பழக்கமான வரிசை.) ஓ வகைக்காரருக்கு இரண்டு பிரதியும் ஓ. ஆகவே 0.40இன் வர்க்கமூலம் 0.632 ஓ மரபணுவின் பங்கு. பி, ஓ இரண்டு வகையையும் சேர்த்தால் 0.72, அதன் மூலம் 0.849, அதில் ஓவைக் கழித்தால் பி மரபணு 0.216. அதே வழியில் ஏ 0.152. இப்போது ஏபி எத்தனை வரவேண்டும்? இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் ஆயிரத்துக்கு 66. நாம் எண்ணியது 65. ஏபியைத் தொடாமலே கணக்குப் போட்டோம், அதுவே வந்து சாட்சி சொல்கிறது. ரத்த வகை ஒரே இடத்தில் மூன்று மாற்றுருக்கள் (வேறு வேறு வடிவங்கள்) உள்ள மரபணு என்பதை 1924இல் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் நிலைநாட்டியதும் இப்படி மக்கள்தொகை எண்களை வைத்துத்தான். கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த 1000 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கிப் பதிவேட்டை எடுத்தால் வேலை சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். கொடையாளர்களில் ஆண்களே மிகுதி. நெகட்டிவ் வகைக்காரர்களைத் தேடித் தேடிக் கூப்பிடுவதால் அவர்கள் பெயர் பலமுறை வரும். இந்தியாவில் ஆர்எச் நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், பதிவேட்டில் அது கூடுதலாகத் தெரியும். வழக்கமான சோதனையின் கண்ணுக்குத் தப்புபவர்களும் உண்டு. 1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட, பாம்பே என்ற அரிய ரத்த வகை உள்ளவர் சாதாரணச் சோதனையில் ஓ என்றே பதிவாவார். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்பதால் சதவீதம் அசையாது. ரத்தம் ஏற்றும்போதோ உயிர்ப் பிரச்சினை.

நிறக்குருடு இன்னும் நேரடியானது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பையன்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். நூறு பையன்களில் நான்கு பேருக்குச் சிவப்பு-பச்சை குழம்பினால் மரபணுவின் பங்கும் நூற்றுக்கு நான்குதான், வர்க்கமூலம் வேண்டியதில்லை. பெண்களுக்கு இரண்டு எக்ஸிலும் இருந்தாக வேண்டும். 0.04ஐ 0.04ஆல் பெருக்கினால் ஆயிரத்துக்கு ஒன்றரை. இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. 1927இல் ஆஸ்லோ பள்ளிகளில் வாலர் என்பவர் 9000 பையன்களையும் ஏறக்குறைய அத்தனை பெண்களையும் சோதித்தார். பையன்களில் 8 சதவீதம். அப்படியானால் பெண்களில் 0.64 வரவேண்டும், வந்ததோ 0.44. சோதனை தவறவில்லை, சிவப்பு-பச்சை நிறக்குருடு என்று நாம் சொல்வது இரண்டு தனிக் குறைகளின் கூட்டு. ஒன்றுக்கு 6, மற்றதற்கு 2 சதவீதம் என்று பிரித்து, தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 0.36உம் 0.04உம் சேர்ந்து 0.40. எண்ணிக்கைக்கும் கணக்குக்கும் இடையில் விழுந்த சிறு இடைவெளி, ஒன்று என்று நினைத்தது இரண்டு என்று காட்டிவிட்டது. காது கேளாமைக்கு வரும்போது இது நமக்கு வேண்டியிருக்கும்.

உங்கள் வகுப்பில் ஒரு நிறக்குருடும் இல்லாததில் வியப்பு இல்லை. நூற்றுக்கு நான்கு என்ற ஊரில்கூட 40 பையன்கள் கொண்ட வகுப்புகளில் ஐந்தில் ஒன்றில் யாரும் அகப்படமாட்டார்கள். ஒருவரும் இல்லை என்ற முடிவுக்கு ஓர் எளிய விதி உண்டு: மூன்றைச் சோதித்தவர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது மேல் எல்லை. 40 பேரில் இல்லை என்றால் உண்மை 7.5 சதவீதம் வரை இருக்கலாம், அவ்வளவுதான் சொல்லலாம். 300 பேரில் இல்லை என்றால் 1 சதவீதம் வரை. அதேபோல் 84இல் 59 என்பது 70 சதவீதம் அல்ல, 60க்கும் 80க்கும் நடுவில் எங்கோ. நிறக்குருட்டை 4 சதவீதத்துக்கு ஒரு சதவீதம் கூடக்குறைய என்ற துல்லியத்தில் சொல்ல ஏறக்குறைய 1500 பையன்கள் வேண்டும். திருமங்கலம், மேலூர், பேரையூர், வாடிப்பட்டி என்று பதினைந்து பள்ளிகள் சேர்ந்தால் ஒரு கல்வியாண்டுக்குள் முடிகிற வேலை இது. இஷிஹாரா தட்டுகளை (நிறப் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்த நிறக்குருட்டுச் சோதனைப் படங்கள்) அச்சுப் புத்தகத்தில் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். கைபேசித் திரையும் ஜெராக்ஸும் நிறத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது 84 பேரிலிருந்து மாவட்டத்துக்கு. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்து 38 ஆயிரம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மெய்தான், ஆனால் பானை ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே அடுத்தடுத்த தெருவில் வேறு வேறு பானை. ஒரு தெருவில் ஒரு சமூகம், அந்தத் தெரு பெண் எடுப்பதும் கொடுப்பதும் தனக்குள். உங்கள் வகுப்புக்கு ஏழெட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்தாலும் பாதிப்பேர் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தங்களாக இருப்பார்கள். 84 தலைகள் தெரிந்தாலும் தகவல் என்ற கணக்கில் அது முப்பது நாற்பது பேருக்குச் சமமாக இருக்கக்கூடும்.

இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணிக் கணக்குப் போடவில்லை. 50 ஊர்த் தொகுதிகளை எடுத்து, 40 வயதைத் தாண்டிய 5150 பேரைச் சோதித்தார்கள். கண் நீர் அழுத்த நோய் 2.6 சதவீதம், பிழை எல்லை 2.2 முதல் 3.0 வரை. நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது இருப்பதே தெரியாது. வாசலில் வந்து நின்றவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இவர்கள் யாரும் கணக்கில் வந்திருக்கமாட்டார்கள்.

உங்கள் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவின் ஆய்வில் அங்கே ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உள்ள அடையாளம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்த பழைய பாதைக்குச் சான்றாக அதைக் காட்டினார்கள். அது வந்த நாளிலிருந்து, இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அதுவே என்று பேசுபவர்களைப் பார்க்கிறேன். ஒருவரிடம் இருப்பது பாதையைச் சொல்லும், பரவலைச் சொல்லாது. பரவலைச் சொன்ன ஆய்வு வேறு. அதிலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவருக்குப் பங்கு உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் டிஎன்ஏ எழுத்துகள் 25 விடுபட்ட வடிவம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதையும், அவர்களுக்குப் பிற்கால இதயச் செயலிழப்பு வாய்ப்புக் கூடுவதையும் 2009இல் அது காட்டியது. நோயாளிகளை மட்டும் பார்க்காமல், நோயில்லாதவர்களையும் பல மாநிலங்களில் பல சமூகங்களையும் சோதித்ததால்தான் அந்த நான்கு என்ற எண்ணை நம்ப முடிகிறது.

தனித்தனிப் பானைகளைச் சேர்த்து எண்ணினால் என்ன ஆகும்? சம அளவுள்ள இரண்டு சமூகங்கள். ஓர் ஒடுங்கு மரபணு ஒன்றில் நூற்றுக்கு 2, மற்றதில் நூற்றுக்கு 8. சராசரி 5. எல்லோரும் கலந்து மணந்தால் குறையுள்ள குழந்தைகள் 10,000இல் 25. கலக்காமல் மணப்பதால் முதல் சமூகத்தில் 4, இரண்டாவதில் 64, சேர்த்துப் பார்த்தால் 34. அந்த மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட கூடுதல், எல்லையின் விளைவு. எண்ணிக்கையில் லட்சக்கணக்காக இருக்கும் சமூகங்கள்கூட சில நூறு முன்னோர்களிடமிருந்து கிளைத்திருக்கக்கூடும். 2017இல் 260க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தவர்கள் 81 குழுக்களில் அப்படிப்பட்ட வலுவான தடயத்தைக் கண்டார்கள். அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்தைத் தாண்டியவை.

இதற்குள்தான் நம் உறவுமுறைக் கல்யாணம் வருகிறது. முறைப்பெண், முறைமாப்பிள்ளை, அக்கா மகளைக் கட்டுவது. ஒரே முன்னோரின் ஒரே பிரதி தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு, மாமன் அத்தை பிள்ளைகள் கட்டினால் 16இல் 1, தாய்மாமனைக் கட்டினால் 8இல் 1. இதை அரிய மரபணுவில் வைத்துப் பாருங்கள். நூறு பிரதிகளில் ஒன்று என்ற அளவுள்ள ஒடுங்கு மரபணு என்றால், அசலில், அதாவது சொந்தம் அல்லாத இடத்தில், கட்டியவர்களின் குழந்தைகளில் 10,000க்கு 1. மாமன் அத்தை பிள்ளைகள் கட்டிய இடத்தில் 10,000க்கு 7. தாய்மாமன் கட்டிய இடத்தில் 10,000க்கு 13. அதுவே நூற்றுக்கு முப்பது என்று பரவிய மரபணுவானால் அசலில் 9 சதவீதம், மாமன் மகளைக் கட்டினால் 10.3. வித்தியாசமே தெரியாது. சொந்தத்தில் கட்டினால் குழந்தை குறையோடு பிறக்கும் என்பவரும், எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகக் கட்டுகிறோம் ஒன்றும் ஆகவில்லை என்பவரும் ஒரே கணக்கின் இரண்டு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்தாயிரத்தில் பதின்மூன்று என்றால் மீதி 9987 வீடுகளில் இந்தக் குறை இல்லை. அந்தப் பதின்மூன்று வீடுகளுக்கு அது ஆறுதலும் இல்லை.

ஊர் முழுக்கக் கூட்டிப் பார்ப்போம். நூறு கல்யாணத்தில் 5 தாய்மாமன், 10 மாமன் அத்தை பிள்ளைகள், 85 அசல் என்று வையுங்கள். மேலே சொன்ன அரிய மரபணுவுக்கு 10,000 குழந்தைகளில் 2.2 பேர் குறையோடு பிறப்பார்கள். அவர்களில் 62 சதவீதம் அந்த 15 சதவீதக் கல்யாணங்களிலிருந்து வருவார்கள். இப்போது ஒருவர் இந்த 2.2ஐ எடுத்து, பாடநூலில் படித்தபடி வர்க்கமூலம் போட்டால், சுமப்பவர்கள் 34 பேருக்கு ஒருவர் என்று விடை வரும். உண்மை 51 பேருக்கு ஒருவர். வாய்ப்பாடு சரி, அதன் நிபந்தனை இங்கே இல்லை. உங்கள் மாணவியின் வீட்டுக் குறையைப் பற்றிக் கணக்குப் போடும் யாரும் முதலில் தவறும் இடம் இதுதான் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதே உறவுமுறையை அளவுகோலாகத் திருப்பிப் பிடிக்கவும் முடியும். சுவீடன் மரபியலர் குன்னர் தால்பெர்க்கின் பெயரில் வழங்கும் வழி அது. மாவட்டம் முழுவதையும் சோதிக்க வேண்டாம். ஒரு குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேர் மாமன் அத்தை பிள்ளைகள் என்று மட்டும் கேளுங்கள். ஊரில் அப்படிக் கட்டியவர்கள் 10 சதவீதம் என்றால், நூற்றுக்குப் பத்து என்று பரவிய மரபணுவில் அந்தப் பெற்றோரிலும் 15 சதவீதம்தான் சொந்தம். நூற்றுக்கு ஒன்றானால் 44 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்றானால் 88. மரபணு எவ்வளவு அரிதோ அவ்வளவு அதிகமாகச் சொந்தம் வந்து நிற்கும். சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த விவரம் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் குடும்பங்களில் உண்மையான நெருக்கம் 16இல் 1ஐ விடக் கூடுதல். இன்ன உறவு என்று ஒரே சொல்லில் எழுதிவிடாமல் தாத்தா பாட்டி வரை கேட்டுக் குடும்ப மரம் வரையுங்கள்.

எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவதிலும் ஒரு பட்டியல் போதாது. வகுப்பறைகளில் தேடினால் காது கேளாத பிள்ளைகள் குறைவாகவே தெரிவார்கள், அவர்களில் பலர் சிறப்புப் பள்ளியில் இருப்பார்கள். சிறப்புப் பள்ளிப் பட்டியலில் 120 பேர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் பட்டியலில் 90 பேர், இரண்டிலும் 60 பேர் என்று வைத்துக்கொண்டால், 120ஐ 90ஆல் பெருக்கி 60ஆல் வகுங்கள்: 180. பட்டியல்களில் தெரிவது 150 பேர்தான், மீதி 30 பேர் எதிலும் ஏறாமல் வீட்டில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடமே அட்டை வாங்கிக்கொடுக்கும் வழக்கம் இருந்தால் இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சார்ந்துவிடும், அப்போது உண்மை 180ஐயும் தாண்டும்.

குடும்பத்துக்குள் பார்க்கும்போது வேறொரு பொறி. பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள் என்றால் நான்கில் ஒரு குழந்தைக்கு என்கிறது மெண்டல் கணக்கு. உங்கள் மாணவி வீட்டில் மூன்றில் இருவர். கணக்கு பொய்யா? அப்படிப்பட்ட, இரண்டு பிள்ளைகள் உள்ள 16 வீடுகளை எடுங்கள். 9 வீடுகளில் யாருக்கும் குறை இருக்காது, ஆகவே அந்த வீடுகள் நம் கண்ணிலேயே படாது. 6 வீடுகளில் ஒருவருக்கு, ஒரு வீட்டில் இருவருக்கும். நாம் பார்ப்பது இந்த 7 வீட்டின் 14 பிள்ளைகளை, அவர்களில் 8 பேருக்குக் குறை, 57 சதவீதம். வீன்பெர்க்கே இதற்கும் வழி சொன்னார். குறையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் விலக்கிவிட்டு, அதன் உடன்பிறந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும். எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு உடன்பிறப்பு, அதில் குறையுள்ளவர் இருவர். நான்கில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.

ஆனால் ஊரில் காது கேளாதவர்களின் மொத்தத்திலிருந்து ஒரே மரபணுவின் பங்கைக் கணக்கிடவே கூடாது. தாய்க்குக் கர்ப்பத்தில் வந்த ருபெல்லா, பிறந்தவுடன் முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எல்லாம் அந்த மொத்தத்தில் அடக்கம். மரபு வழி வருவதிலும் ஜிஜேபி2 முதலாகப் பல தனி மரபணுக்கள் உண்டு. காது கேளாத தம்பதிக்குக் கேட்கும் குழந்தைகள் பிறப்பது பல வீடுகளில் நடக்கிறது. இருவருக்கும் வேறு வேறு மரபணு என்பது அதற்கு ஒரு காரணம். வாலரின் நிறக்குருட்டில் இரண்டு இருந்தது, இங்கே டஜன் கணக்கில். மரபணுச் சோதனையால் வகை பிரித்த பிறகுதான் அளவு பேச முடியும்.

உங்கள் பிள்ளைகளின் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். பெயரில்லாமல் எழுதுங்கள். ஊர்ப்பெயரும் சமூகப்பெயரும் சேர்ந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். 400 பேர் உள்ள ஊரில் 1 என்று போட்டால் அது எண் இல்லை, ஒரு வீட்டின் முகவரி. பெண் பார்க்க வருகிறவர்கள் அதை வேறு விதமாகப் படிப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தேவை மாவட்டக் கணக்கல்ல, அவள் வீட்டுக் கணக்கு. தம்பிகளின் குறை ஒடுங்கு மரபணுவால் வந்தது என்றால், கேட்கும் திறனோடு உள்ள அவள் அதைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அம்மா நிச்சயமாகச் சுமக்கிறார், அம்மாவின் தம்பி இரண்டில் ஒரு வாய்ப்பு, அவர் மகன் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையே கட்டினால் குழந்தைக்குக் குறை வரும் வாய்ப்பு 12இல் 1. மாமன் மகனைக் கட்டினால் 24இல் 1. ஐம்பது பேருக்கு ஒருவர் சுமக்கும் மரபணு என்று கொண்டு அசலில் கட்டினால் 300இல் 1. பெற்றோரே சொந்தம் என்பதால் மாமன் வீட்டு எண்கள் இதைவிடக் கூடலாமே தவிரக் குறையாது. முடிவு அவளுடையது, அவள் வீட்டாருடையது. எண்கள் முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் சோதிக்க வேண்டியது தம்பிகளில் ஒருவரை, அவளை அல்ல. மரபியல் ஆலோசனை தரும் மருத்துவமனையில், மருத்துவர் குறிப்போடு, ஜிஜேபி2விலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எந்த மரபணு என்று தெரிந்த பிறகு, அவளுக்கு 18 வயது ஆகி அவளே விரும்பினால், அந்த ஒரே மாற்றத்தைத் தேடினால் போதும். அன்றைக்கு மூன்றில் இரண்டு என்பது ஒன்றாகும் அல்லது பூஜ்யமாகும். ஒன்றானால் மாமன் மகன் கணக்கு 16இல் 1, பூஜ்யமானால் யாரைக் கட்டினாலும் அந்த மரபணுவால் அவள் குழந்தைக்கு இந்தக் குறை வராது.